ஓர் அம்பே உள்ள தூணி

எங்கள் நயினார்கோவிலில் எழுந்தருளியிருக்கும் இறைவனுக்கு நாகநாதர் என்பது திருநாமம். நாகராஜனாகிய வாசுகி வந்து வழிபட்ட தலம் என்று தலபுராணம் கூறுகிறது. ஊமையாய் இருந்த தம் மகள் இந்தச் சந்நிதியில் வாய் திறந்து பேசியதைக் கண்ட இஸ்லாமியப் பெரியவர் ஒருவர் உள்ளம் உருகி 'நயினார்' என்று அழைத்ததால் ஊருக்கே அந்தப் பெயர் வந்தது என்று கர்ண பரம்பரையாய் ஒரு கதையும் வழங்குகிறது. இரு மதத்தாரும் நேர்ந்துகொண்டு வரும் இவ்வூரில், நாகதோஷம் கழிய வேண்டுமென்று வருகிறவர்களைப் பார்த்தே வளர்ந்தவன் நான். ஆகையால் விஷம் என்றால் அது பல்லில் இருப்பது, பல் வாயில் இருப்பது, வாய் ஒரு தலையில் இருப்பது, அந்தத் தலைக்குள் கோபமோ பயமோ இருப்பது என்ற ஒரு வரிசை சிறு வயதிலேயே என் மனத்தில் பதிந்து போயிற்று. அந்த வரிசையை ஒரே நாளில் கலைத்துப் போட்டது மண்டபத்துக் கடற்கரை.

ஆடி அமாவாசைக்கு இராமேசுவரம் போகும் வழியில், தகப்பனாரோடு மண்டபத்தில் இறங்கித் தென்கடல் ஓரமாய் நடந்துகொண்டிருந்தேன். ஈர மணலில், தோல் சீவிய பெரிய நுங்கைப் போல, ஒளி ஊடுருவும் ஒரு பொருள் கிடந்தது. அதன் அடியிலிருந்து நூல் நூலாய்ச் சில இழைகள் மணலில் ஒட்டியிருந்தன. கையை நீட்டினேன். பக்கத்தில் வலை பொத்திக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் நிமிர்ந்து, "தொடாத அப்பு, சொறி அது" என்றார். "செத்துத்தானே கெடக்கு, ஐயா" என்றேன். "சொறிக்குச் சாவு வேற, அரிப்புக்குச் சாவு வேற" என்று சொல்லிவிட்டு அவர் வலைக்குத் திரும்பிவிட்டார். அவர் திரும்பிய அந்த க்ஷணத்தில் நான் தொட்டுவிட்டேன். விரலில் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் இழையொன்று முன்கையில் சுற்றிக்கொண்டது. சுற்றிய இடமெல்லாம் சூடான கம்பியை வைத்து இழுத்தாற்போல் எரிந்து, சிறிது நேரத்தில் மணி கோத்த சரம் போலத் தடித்துச் சிவந்தது.

அந்த முதியவர் சொன்ன வாக்கியம் அன்று எனக்குப் புரியவில்லை. அது எவ்வளவு துல்லியமான விஞ்ஞான வாக்கியம் என்பதைப் பிற்காலத்தில் பிராணி நூல் படித்தபோதுதான் உணர்ந்தேன்.

முதலில் பெயரைப் பார்ப்போம். ஜெல்லி மீன் என்றும் இழுதுமீன் என்றும் புத்தகங்கள் எழுதுகிற இந்தப் பிராணியை நம் கடற்கரை மக்கள் 'சொறி' என்றே அழைக்கிறார்கள். வேலியோரத்தில் படர்ந்து, பட்ட இடத்தில் அரிப்பை உண்டாக்கும் செடிக்குக் காஞ்சொறி என்று பெயர் வைத்த அதே மொழிப்பாங்குதான் இது. இதில் ஓர் ஆச்சரியம் உண்டு. ஜெல்லி மீன், கடல் சாமந்தி, பவளம், ஹைட்ரா ஆகிய அனைத்தையும் சேர்த்து விஞ்ஞானிகள் 'நிடேரியா' என்ற ஒரே பெரும் பிரிவில் வைத்திருக்கிறார்கள். அந்தப் பெயரும் அரிக்கும் செடியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்ததுதான். ஒருவரையொருவர் கண்டும் கேட்டும் இராத இரண்டு ஜனங்கள், தோலில் பட்ட அனுபவத்தைக் கொண்டே பெயர் வைத்திருக்கிறார்கள்.

மூளை இல்லாத, எலும்பு இல்லாத, இரத்தம் இல்லாத இந்தப் பிராணிகளுக்கு 50 கோடி ஆண்டுகளுக்கும் மேலாகச் சோறு போட்டுவருவது ஒரே ஒரு கருவி. அந்தக் கருவி பாம்பின் விஷப் பையைப் போல உடம்பின் ஓரிடத்தில் அமைந்த உறுப்பன்று. உடம்பெங்கும், குறிப்பாகக் கைகளைப் போல் தொங்கும் இழைகளில், ஆயிரம் பதினாயிரமாய் விதைத்துக் கிடக்கும் தனித்தனி உயிரணு. இதைக் கொட்டும் செல் என்று பாடநூல்கள் அழைக்கின்றன. அதன் உள்ளே, மயிரிழையின் கனத்துக்கும் குறைந்த அளவில், இறுக மூடிய ஒரு சிமிழ் இருக்கிறது. சிமிழுக்குள் மெல்லிய ஒரு குழல், கிணற்றுக் கயிற்றைச் சுருட்டி வைத்தாற்போல், பல சுற்றுகளாய்ச் சுருண்டு கிடக்கிறது. குழலின் அடிப்பாகத்தில் முட்கள்; சிமிழுக்குள் விஷம். உயிரணுவின் தலைப்பில் மயிர் போன்ற ஒரு நுனி வெளியே நீட்டிக்கொண்டு நிற்கிறது. வேட்டைக்காரன் துப்பாக்கியின் விசையில் விரலை வைத்துக் காத்திருப்பது போல, அந்த நுனி ஸ்பரிசத்துக்காகக் காத்திருக்கிறது.

வைத்த அம்பு தீராத தூணியை அம்பறாத்தூணி என்று நம் இதிகாசங்கள் கொண்டாடும். இது அதற்கு நேர் மாறானது. ஒரு தூணிக்கு ஓர் அம்பு. எய்தால் தூணியும் போயிற்று, அதைத் தாங்கிய உயிரணுவும் போயிற்று. அதன் இடத்துக்குப் புதிய உயிரணு ஒன்று உருவாகி, சிமிழையும் குழலையும் விஷத்தையும் ஆதியிலிருந்து செய்து முடித்து வந்து நிற்க வேண்டும். ஹைட்ராவில் இதற்கு ஏறக்குறைய இரண்டு நாள் ஆகிறது.

இந்தச் சிமிழ் செய்யப்பட்டிருக்கும் விதத்தைச் சற்று நின்று பார்க்க வேண்டும். அதன் சுவர் கொலாஜன் என்ற புரதத்தால் ஆனது. நம் தோலுக்கும் தசைநாருக்கும் உறுதியைத் தருவதும் அந்தக் குடும்பத்துப் புரதமே. இங்கே அது மிகக் குட்டையான இழைகளாய் அமைந்து, இழைக்கு இழை கந்தகப் பிணைப்பால் குறுக்கும் நெடுக்கும் தைக்கப்பட்டிருக்கிறது. சிமிழின் உட்புறத்தில் பாலிகுளூட்டமேட் என்ற பொருள் மிகச் செறிவாய் நிறைந்திருக்கிறது. ஜப்பானியர் சோயா மொச்சையைப் புளிக்கவைத்து உண்ணும் 'நாட்டோ' என்ற பண்டத்தில் நூல் நூலாய் இழுபடும் பிசுக்கும் இதே பொருள்தான். உலர்ந்த திராட்சையைத் தண்ணீரில் போட்டால், உள்ளே சர்க்கரை செறிந்திருப்பதால் நீர் தோலைக் கடந்து புகுந்து பழம் உப்புவதை எல்லாரும் பார்த்திருப்போம். அதே நியமப்படி இந்தச் சிமிழுக்குள்ளும் நீர் புக முயல்கிறது. ஆனால் திராட்சைத் தோலைப் போல் இச்சுவர் எளிதில் விரிந்து கொடுக்காததால் உள்ளே அழுத்தம் ஏறிக்கொண்டே போய், ஹைட்ராவின் சிமிழில் 150 வளிமண்டல அளவை எட்டுகிறது. மோட்டார் வண்டியின் சக்கரத்தில் நாம் அடைக்கும் காற்றின் அழுத்தம் ஏறக்குறைய 2. கடலில் 1,500 மீட்டர் ஆழம் இறங்கினால்தான் 150 வளிமண்டல அழுத்தம் கிடைக்கும். நம் வடகடலாகிய பாக் விரிகுடாவில் அப்படி ஓர் ஆழமே இல்லை. அத்தனை பலத்தையும் கண்ணுக்குத் தெரியாத ஒரு சிமிழில் அடக்கிக்கொண்டு, ஜெல்லி மீன் அசைந்தும் அசையாமலும் மிதந்து போகிறது.

நுனி தீண்டப்பட்டு, உயிரணு உத்தரவு கொடுத்ததும், சிமிழின் மூடி திறக்கிறது. அடைபட்டிருந்த அழுத்தம் குழலை வெளியே தள்ளுகிறது. இங்கே ஒரு நுட்பம்: குழல் ஈட்டியைப் போல் நேரே புறப்படுவதில்லை. கழற்றிய சட்டையின் கை உட்புறமாய் மடங்கிக் கிடந்தால் அதை ஊதியோ உதறியோ வெளிப்புறமாய்த் திருப்புகிறோம் அல்லவா, அதைப் போல உட்புறம் வெளிப்புறமாய்ப் புரண்டுகொண்டே நீளுகிறது. அதனால், உள்ளே ஒடுங்கியிருந்த முட்கள் முதலில் வெளிப்பட்டு இரையின் தோலைக் கிழிக்கின்றன. கிழிந்த வாயிலின் வழியே குழலின் மீதிப் பாகம் உள்ளே புரண்டு செல்கிறது. அதன் வழியாய் விஷம் இறங்குகிறது. தோல் கிழிந்து, பாதை திறந்து, விஷம் புகும் இந்த மூன்று காரியமும் ஒரே இயக்கத்தின் மூன்று அங்கங்கள்.

இது நடந்து முடியும் வேகத்தை அளக்க மனிதர்கள் பட்ட பாடு ஒரு தனிக்கதை. 1984-இல் ஹோல்ஸ்டைன், டார்டென்ட் என்ற இருவர் அதிவேகப் படக்கருவியால் ஹைட்ராவைப் படமெடுத்து, இயற்கையிலேயே மிக விரைவான உயிர் இயக்கங்களில் இது ஒன்று என்று தெரிவித்தார்கள். அப்போதும் குத்தும் கட்டம் மட்டும் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவே நழுவிப் போயிற்று. 2006-இல் ஹோல்ஸ்டைனும் அவருடைய சகாக்களும் ஒரு விநாடிக்கு 14 லட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள் எடுக்கும் கருவியோடு மீண்டும் வந்தார்கள். முள் பாயும் நேரம் 700 நானோ விநாடி என்று கண்டார்கள். அதாவது ஒரு விநாடியைப் பத்து லட்சம் கூறாக்கினால் அதில் ஒரு கூறுகூட முழுதாய் ஆகவில்லை. அப்போது முள்ளுக்கு ஏற்படும் முடுக்கம் புவியீர்ப்பைப் போல 54 லட்சம் மடங்கு. ராக்கெட்டில் ஏறிச் செல்லும் வீரர் மூன்று நான்கு மடங்கைத் தாங்கவே தனிப் பயிற்சி வேண்டியிருக்கிறது. முள்ளின் எடை ஏறக்குறைய ஒன்றுமில்லை. ஆயினும் அத்தனை சிறிய கூர்முனையில் அத்தனை வேகம் குவிவதால், பாயும் இடத்து அழுத்தம் துப்பாக்கிக் குண்டு பாயும் இடத்து அழுத்தத்தோடு ஒப்பிடத்தக்கதாகிறது. நண்டு வகையைச் சேர்ந்த சிற்றுயிர்களின் ஓடு துளைபடுவது இதனால்தான்.

ஓர் அம்பு மட்டுமே உள்ளவன் கண்ட இடத்தில் எய்துவிடலாகாது. கடலில் மணல் உரசும், பாசி உரசும், சொந்த இழைகளே ஒன்றையொன்று உரசும். ஒவ்வோர் உரசலுக்கும் எய்தால் மாலைக்குள் தூணிகள் அனைத்தும் காலியாகிவிடும். கடல் சாமந்தி வகை ஒன்றை அமெரிக்காவின் ஹார்வர்டு சர்வகலாசாலையில் ஆராய்ந்தவர்கள், இதற்கு அமைந்திருக்கும் ஏற்பாட்டை 2020-இல் விவரித்தார்கள். கோயில் உண்டியலுக்கு இரண்டு பூட்டுப் போட்டு, இரண்டு சாவியையும் இரண்டு பேரிடம் கொடுத்து வைப்பதைப் போன்றது அது. நீரில் கரைந்து வரும் இரையின் வாசனை ஒரு சாவி. ஸ்பரிசம் மற்றொரு சாவி. வாசனை வந்த செய்தியை அண்டையிலுள்ள நரம்பணு தெரிவிக்கும் வரையில் உயிரணுவின் சுண்ணாம்புச் சத்து வாயில் பூட்டியே கிடக்கிறது. செய்தி வந்த பின் தொட்டால்தான் திறக்கிறது. வெறுந் தொடுகை மட்டும் போதாது.

இப்போது வலை பொத்திய அந்த முதியவரிடம் திரும்பி வருகிறேன். பாம்பு கடிப்பது பாம்பின் செயல். தலையை அறுத்து எறிந்தால், உடனே அல்லாவிட்டாலும் பிறகு அதன் ஆபத்து ஓய்ந்துவிடும். சொறி கொட்டுவது சொறியின் செயல் அன்று; ஒவ்வோர் உயிரணுவின் தனிச் செயல். பலம் சிமிழுக்குள் முன்னமேயே அடைத்து வைக்கப்பட்டுவிட்டதால், கொட்டுவதற்குப் பிராணி உயிரோடு இருக்க வேண்டிய அவசியமில்லை. கரையில் ஒதுங்கிச் செத்த உடல், வலையில் அறுந்து ஒட்டிய இழை, வெயிலில் காய்ந்து மீண்டும் நனைந்த துணுக்கு, இவையெல்லாம் எய்யப்படாத அம்புகளைச் சுமந்துகொண்டே இருக்கின்றன. சொறிக்குச் சாவு வேறு, அரிப்புக்குச் சாவு வேறு. நூலறிவு இல்லாத ஒருவர் அனுபவத்தால் கண்டறிந்து ஒரே வரியில் சொன்னதைத்தான் மேலே இத்தனை வரிகளில் நான் விரித்திருக்கிறேன்.

என் விரலில் ஒன்றும் தெரியாமல் முன்கையில் மட்டும் எரிந்ததற்கும் இதில் காரணம் இருக்கிறது. விரல் நுனியின் தோல் தடித்தது. குழல்கள் அதைக் கடந்து போகவில்லை. கடல் சாமந்தியைத் தொட்டவர்கள் பசை போல ஒட்டுகிறது என்பார்கள். அந்தப் பசை, உண்மையில், நம் விரலில் பாய்ந்தும் ஆழம் போக மாட்டாமல் சிக்கி நிற்கும் எண்ணற்ற நுண்குழல்களின் பிடி.

இந்த அமைப்பை அறிந்தவனுக்குச் சிகிச்சையில் எது தகும், எது தகாது என்பதும் விளங்கும். கொட்டிய இடத்தில் மணலை வைத்துத் தேய்ப்பதும் துண்டால் அழுத்தித் துடைப்பதும் நம் கரைகளில் சகஜமாய் நடக்கின்றன. தோலில் ஒட்டிய இழையில் எய்த சிமிழ்களைக் காட்டிலும் எய்யாத சிமிழ்கள் அதிகம் இருக்கக்கூடும் என்பதால், தேய்ப்பது விஷத்தை மேலும் இறக்கிக்கொள்வதே ஆகும். நல்ல தண்ணீர் ஊற்றுவதும் தவறு. உப்புச் செறிவு திடீரென்று மாறினால் மீதிச் சிமிழ்களும் வெடிக்கும். கடல் நீரையே ஊற்றி, இடுக்கியாலோ துணி சுற்றிய விரலாலோ இழைகளை மெல்ல எடுத்துவிட்டு, தோல் பொறுக்கும் சூட்டில், ஏறக்குறைய 45 பாகை வெந்நீரில், 20 நிமிஷம் வைத்திருப்பது பல இனங்களின் கொட்டுக்கு வலியைத் தணிக்கிறது. ஆஸ்திரேலியக் கடலிலுள்ள கொடிய பெட்டி ஜெல்லி வகைக்கு, எய்யாத சிமிழ்களை முடக்கிவிடும் வினிகரை முதலுதவியாய்ப் பயன்படுத்துகிறார்கள். ஆனால் வேறு சில இனங்களில் அதே வினிகர் சிமிழ்களைத் தூண்டிவிடுவதால், எல்லாச் சொறிக்கும் அதுவே மருந்து என்று கொள்ளலாகாது. மூச்சுத் திணறல், மயக்கம், உடல் முழுதும் தடிப்பு இவற்றில் எது கண்டாலும் காலதாமதம் செய்யாமல் வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும். முன்பு ஒருமுறை கொட்டு வாங்கியவர்கள் விஷயத்தில் இதில் இரட்டிப்புக் கவனம் தேவை.

ஏன் இரட்டிப்புக் கவனம் என்பதை உலகம் அறிந்ததே இந்தப் பிராணிகளின் மூலமாய்த்தான். 1901-இல் மொனாக்கோ நாட்டு அரசர் முதலாம் ஆல்பர்ட்டின் ஆராய்ச்சிக் கப்பலில் சார்லஸ் ரிஷே, பால் போர்ட்டியே என்ற இரு பிரெஞ்சு அறிஞர்கள் பிரயாணம் செய்து, நீலநிறக் காற்றுப் பையோடு மிதக்கும் பைசேலியா என்ற கொட்டும் பிராணியின் விஷத்தைப் பிரித்தெடுக்க முனைந்தார்கள். ஊர் திரும்பியதும் அந்தப் பிராணி கிடைக்காமையால் கடல் சாமந்தியின் விஷத்தை எடுத்துக்கொண்டு நாய்களிடம் பரிசோதித்தார்கள். சிறிது சிறிதாய்க் கொடுத்தால் உடல் பழகிக்கொள்ளும் என்பது அவர்களுடைய எதிர்பார்ப்பு. முதல் தடவை கொடுத்ததைத் தாங்கி நன்றாய்த் தேறிய நாய், சில வாரங்களுக்குப் பின் கொடுத்த சொற்ப அளவில் அரைமணி நேரத்துக்குள் இறந்துபோயிற்று. காப்பாற்ற வேண்டிய உடற்காவலே உடலைக் கொல்லும் இந்த விபரீதத்துக்கு அனாபிலாக்சிஸ் என்று பெயரிட்டார்கள். இன்று பென்சிலின் ஊசிக்கு முன் மருத்துவர் சோதனை ஊசி போட்டுப் பார்ப்பதற்கும், குளவி கொட்டிச் சிலர் மட்டும் மூர்ச்சையாவதற்கும் பின்னால் உள்ள ஞானம் இதுவே. ரிஷேவுக்கு 1913-இல் நோபல் பரிசு கிடைத்தது.

எங்கள் மாவட்டத்தில் சொறியோடு தினசரி வாழ்பவர்கள் அறிஞர்கள் அல்லர். பாம்பனிலும் அதன் சுற்றுப்புறத்திலும் கடற்பாசி எடுக்கும் பெண்கள். சேலைக்கு மேல் ஆண்களின் முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, விரல் ஒவ்வொன்றிலும் துணிக் கிழிசலைச் சுற்றி, காலில் தகரத் தட்டைக் கட்டி, கண்ணாடி அணிந்து, மரிக்கொழுந்துப் பாசியைத் தேடிப் பவளப்பாறைகளின் நடுவே மூச்சடக்கி மூழ்குகிறார்கள். அந்தச் சட்டையும் துணிச் சுற்றும் பாறை கிழிப்பதற்கு மட்டும் காவலன்று. எய்யும் நுனிக்கும் தோலுக்கும் நடுவே ஒரு நூல் கனத்துத் துணி நின்றாலே பெரும்பாலான குழல்கள் உடலை எட்டா. முகமும் கழுத்தும் திறந்தே இருக்கின்றன. கொட்டு பெரும்பாலும் அங்கேதான். அவர்கள் இதைப் பற்றிப் பெரிதாய்ப் பேசுவதில்லை. நாம் பேச வேண்டும். ஏனெனில் இனிப்புக் கட்டியிலும் மருந்து மாத்திரையிலும் சோதனைச் சாலைத் தட்டிலும் சேரும் பாசிச் சத்தின் பின்னால் அவர்களுடைய தடித்த கழுத்து இருக்கிறது.

தென்கடலாகிய மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986-இல் தேசியப் பூங்காவாயின. அவற்றைச் சூழ்ந்த பவளமும் சொறியின் உறவினமே. ஒவ்வொரு பவள உயிரும் இதே சிமிழைக் கொண்டு பெரும்பாலும் இரவில் இரை பிடிக்கிறது. அத்தீவுகளில் ஒன்றாகிய குருசடையின் கரையோர உயிர்களைப் பற்றிச் சென்னை அரசாங்க மியூசியம் 1927-இலேயே நூல் வெளியிட்டது. 1947-இல் தோன்றிய மத்தியக் கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்தின் தலைமையகம் 1971-இல் கொச்சிக்கு மாறும் முன் மண்டபத்தில் இருந்தது; இன்றும் அங்குள்ள கிளை, கடல் சாமந்தியின் நடுவே குடியிருக்கும் கோமாளி மீனைத் தொட்டியில் குஞ்சு பொரிக்கச் செய்து வளர்த்திருக்கிறது. அந்த மீனை மட்டும் சாமந்தி ஏன் கொட்டுவதில்லை என்பது நெடுங்காலப் புதிர். மீனின் மேல் பூசிய வழுக்குப் பசையில், இரையின் அடையாளமாய்ச் சாமந்தி கொள்ளும் ஒருவகைச் சர்க்கரை மிகக் குறைவாய் இருப்பது இதற்கு ஒரு காரணமென்று அண்மை ஆய்வுகள் காட்டுகின்றன. வாசனைச் சாவி அங்கே பொருந்துவதில்லை. இன்னும் விசித்திரம், ஓடில்லாத ஒருவகைக் கடல் நத்தை. அது இந்தப் பிராணிகளைத் தின்று, சிமிழ்களைச் செரிக்காமலும் வெடிக்க விடாமலும் தன் முதுகுக் கொம்புகளின் நுனிக்குக் கொண்டுபோய் நிறுத்தி, தன்னைக் கடிக்க வருபவர்மீது எய்கிறது. அம்பு ஒருவருடையது, வில் மற்றொருவருடையது.

கடலைப் பற்றியே இவ்வளவு சொல்லிவிட்டேன். கடலைப் பாராமலே இதைக் காணலாம் என்பது எனக்கு வெகுகாலம் தெரியாது. அதிவேகக் கருவிகள் அளந்தது கடல் ஜெல்லியை அன்று, நன்னீரில் வாழும் ஹைட்ராவை என்பதைப் படித்த பின், ஒரு மார்கழிக் காலையில், மழைக்குப் பின் தெளிந்திருந்த எங்கள் ஊருணியில் வேலம்பாசியை அள்ளி ஒரு கண்ணாடிப் பாத்திரத்தில் போட்டு, திண்ணை நிழலில் வைத்தேன். ஒரு மணி நேரம் கழித்துப் பார்க்கையில், பாசித் தண்டில் அரையங்குல நூல் துண்டு போல ஒன்று தலைகீழாய்த் தொங்கிக்கொண்டிருந்தது. அதன் நுனியில் ஆறு இழைகள் விரிந்திருந்தன. உருப்பெருக்கிக் கண்ணாடியை நெருங்கப் பிடித்தபோது, ஒவ்வோர் இழையிலும் மணி மணியாய்க் கொப்புளங்கள் தெரிந்தன. ஒவ்வொரு கொப்புளமும் கொட்டும் உயிரணுக்களின் ஒரு கூட்டம்.

நாகநாதரின் ஊரில், நான் குடித்து வளர்ந்த தண்ணீரில், இத்தனை அம்புகள். தத்தித் தத்தி நீந்தி வந்த நீர்ப்பூச்சி ஒன்று, கடுகின் பாதி அளவுகூட இராது, இழையொன்றில் இடித்தது. இடித்ததை நான் பார்த்தேன். அம்பு பாய்ந்ததை எந்தக் கண்ணும் பார்க்க முடியாது. பூச்சி இரண்டு முறை துடித்து நின்றுவிட்டது. அதைப் பற்றிய இழை மெல்லச் சுருங்கத் தொடங்க, பக்கத்து இழை ஒன்றும் வளைந்து வந்து சேர்ந்துகொள்ள, இரண்டும் அதை வாயை நோக்கிக் கொண்டுசென்றன. முழுதும் உள்ளே போய் மறையக் கால்மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று.